காக்கை அலகில் 47 ஓட்டை

அச்சிலிருந்து கழற்றிய ரெசின் முகமூடியைக் கையில் வாங்கும்போது முக்கால்வாசி வேலை முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். அலகு இருக்கிறது, கண் துளை இருக்கிறது, இனி கறுப்பு அடித்தால் காக்கை. என் முதல் முகமூடிக்கு அப்படித்தான் ஒரே மாலையில் பெயின்ட் அடித்து முடித்தேன். மூன்றாவது தடவை மாட்டியபோது, நெற்றிப்பொட்டில் எலாஸ்டிக் பட்டை உரசிய இடத்தில் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் ரெசின் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. உப்புத்தாளே படாத இடத்தில் பெயின்ட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இது இரண்டாவது முகமூடி. நண்பர் சிலிகோன் அச்சில் வார்த்துக் கொடுத்தது, பாலியூரித்தேன் ரெசின். முகத்தைவிட நீளமாக அலகு, தலையில் இறகு வரிகள். இறகுகளுக்கு மங்கல் கறுப்பு, அலகுக்குப் பளபளக் கறுப்பு என்று முடிவு செய்திருந்தேன். அந்த இரண்டாவது முடிவுதான் என்னை ஒன்பது நாள் உட்கார வைத்தது. மங்கலான நிறத்தில் பாதிக் குறை அமுங்கிப் போய்விடும். பளபளக் கறுப்பில் ஜன்னல் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக விழும். பரப்பு இம்மி நெளிந்திருந்தாலும் கோடும் சேர்ந்து நெளியும்.

முதல் வேலை கழுவுவது. ரெசின் ஒட்டாமல் கழன்று வர வேண்டும் என்று அச்சுக்குள் ரிலீஸ் ஸ்பிரே அடித்திருப்பார்கள், பெரும்பாலும் சிலிகோன் எண்ணெய். வார்ப்பின் மேல் அது கண்ணுக்குத் தெரியாத பிசுக்காக வந்து உட்கார்ந்திருக்கும். அச்சில் ரெசினை ஒட்ட விடாத எண்ணெய், ரெசினில் பெயின்டை மட்டும் ஒட்ட விடுமா? கழுவாமல் தேய்க்க ஆரம்பித்தால் பிசுக்கு போகாது, கீறல்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு பெயின்டுக்கு அடியில் போகும் முதல் பூச்சான பிரைமர் அடிக்கும்போது மீன் கண் மாதிரி வட்ட வட்டக் குழிகளாகத் தலைகாட்டும். அதன் மேல் இன்னும் இரண்டு கோட் அடித்து மூடலாம் என்று நினைக்காதீர்கள். குழியும் கூடவே மேலே வரும். மொத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி கழுவுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பச்சை நார், இறகு வரிகளுக்குள் விட ஒரு பழைய டூத் பிரஷ். உள்பக்கத்தையும் சேர்த்துத்தான். கழுவி முடித்ததும் குழாயடியில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் படலமாக விரிந்து வழிந்தால் சரி. முத்து முத்தாக உருண்டு ஒதுங்கினால் அந்த இடத்தில் பிசுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. அலகுக்குக் கீழே தொண்டைக் குழியில் முத்துக் கட்டியது. மறுபடி கழுவினேன். காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. அதற்கப்புறம் கையுறை இல்லாமல் தொடவே இல்லை என்று எழுத ஆசைதான். இரண்டு தடவை தொட்டேன், இரண்டு தடவையும் துடைத்தேன்.

கழுவும்போதே இன்னொன்றும் தெரிந்தது. மேசையில் கவிழ்த்து வைத்தால் முகமூடி ஆடியது, இடது கன்னம் சற்றே உள்வாங்கியிருந்தது. வார்ப்பு முழுசாக இறுகும் முன்னால் கழற்றினால் இப்படி ஆகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டாலும் ஆகும். இந்த ரெசின் சூட்டில் இளகும் என்பதால் சரிசெய்வதும் சூட்டால்தான். கை பொறுக்காத வெந்நீரில் அந்தப் பக்கத்தை மட்டும் சில நிமிடம் முக்கி, தடித்த கையுறையோடு மெல்ல வெளியே தள்ளிப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் விட்டேன். இதைத் தேய்ப்பதற்கும், பள்ளம் நிரப்பும் பசையான பட்டி வைப்பதற்கும் முன்னால் செய்துவிட வேண்டும். பட்டி வைத்த பிறகு வளைத்தால் பட்டி வெடித்துவிடும்.

அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் வரும் பிசிறைச் சீவுவது பெரிய வேலையில்லை. கூரான கத்தியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். தொந்தரவு அலகின் முதுகில்தான் இருந்தது. அச்சின் இரண்டு பாதியும் அங்கே சரியாகப் பொருந்தாமல், வலது பக்கம் அரை மில்லிமீட்டர் உயர்ந்து ஒரு படி நின்றது. உயர்ந்த பக்கத்தை அரத்தால் ராவிச் சமமாக்கலாம். ஆனால் அப்படி ராவினால் அலகின் முதுகு உருண்டை போய்த் தட்டையாகிவிடும். தாழ்ந்த பக்கத்தைத்தான் ஏற்ற வேண்டும். அதுவும் படியின் ஓரத்தில் மட்டும் நிரப்பினால் போதாது, இரண்டு விரல்கடை அகலத்துக்கு இழுத்துப் பரப்ப வேண்டும். சரிவு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியக்கூடாது.

தேய்ப்பதற்கு முன் மூக்குக்கு ஒரு ஏற்பாடு. ரெசின் தூசி மிக நுண்ணியது, உள்ளே போனால் நுரையீரலுக்கு ஆகாது. தூசிக்கு என்95 போதும். பட்டி குழைக்கும்போதும் ஸ்பிரே அடிக்கும்போதும் அது போதாது, ஏனென்றால் அது துகளைத் தடுக்கும், ஆவியை விட்டுவிடும். அதற்குக் கரிம ஆவிகளுக்கான வடிகட்டி மாட்டிய ரப்பர் கவசம் வேண்டும். முடிந்த இடத்திலெல்லாம் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தேன், தூசி தண்ணீரோடு போய்விடும். இந்தத் தாளே தூசித் தொல்லைக்காக வந்ததுதான். பிரான்சிஸ் ஓக்கி என்பவர் கண்டுபிடித்த நீர் தாங்கும் உப்புத்தாளை 1921இல் த்ரீ எம் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதை முதலில் அள்ளிக்கொண்டது கார்களுக்குப் பெயின்ட் அடித்த ஆலைகள்.

தாளின் நம்பர் பற்றி ஒரு குறிப்பு, இதில் நான் ஒரு நாளைத் தொலைத்தேன். பின்பக்கம் பி என்ற எழுத்தோடு வரும் தாளும் வெறும் எண்ணோடு வரும் தாளும் ஒன்றல்ல. பி120இல் மணலின் சராசரி அளவு 125 மைக்ரான், பி220இல் 68, பி400இல் 35. பி இல்லாத 400 இதைவிட நைசானது, ஏறக்குறைய பி800க்குச் சமம். நான் இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு, 400 போட்ட இடத்தில் ஏன் இன்னும் பழைய கீறல் போகவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பி220 போட்ட இடத்தில் நேராக பி800க்குத் தாவினால் கீறல் எப்படிப் போகும்? அது மழுங்கிப் பளபளப்பாகும், அவ்வளவுதான். பெயின்ட் ஏறியதும் பல்லைக் காட்டும்.

அலகை விரலால் தேய்க்கவில்லை. விரல் நுனி பஞ்சு மாதிரி, மேட்டில் அமுங்கும், பள்ளத்தில் இறங்கும், கடைசியில் விரல் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டிவிடும். நேரான இடங்களுக்கு ஒரு மரத்துண்டில் தாளைச் சுற்றினேன், வளைவுக்கு ஒரு ரப்பர் குழாய்த் துண்டு, கண் துளை ஓரத்துக்குப் பென்சில். ஒரே திசையில் தேய்க்காமல் முதலில் ஒரு மூலைவிட்டம், பிறகு அதற்குக் குறுக்கே இன்னொன்று. பழைய கீறல் எது, புதியது எது என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும்.

இப்போது ஓட்டைகளுக்கு வருகிறேன்.

ரெசின் குழைக்கும்போது மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி, வார்ப்பின் தோலுக்குச் சற்று அடியில் நிற்கும். தோலைத் தேய்த்ததும் வாய் திறக்கும். அலகு முதுகில், மூக்குத் துளை ஓரத்தில், புருவ மேட்டில், ஊசி முனை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டேன், 31 வந்தது. மார்க்கர் பேனா வேண்டாம், அதன் மை பிரைமரைத் தாண்டி மேலே கசியும். இதையெல்லாம் கொஞ்சம் பட்டி எடுத்துத் தேய்த்து அடைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் தோன்றும். நானும் முதலில் பத்துப் பன்னிரண்டை அப்படி அடைத்தேன். காய்ந்தபின் தேய்த்தேன், பாதி ஓட்டைகள் அதே இடத்தில் மறுபடி முளைத்தன.

ஏன் என்று பார்க்க, ஒன்றை மட்டும் கைத்துரப்பணத்தில் 1 மில்லிமீட்டர் பிட் மாட்டி மெல்லத் திருகினேன். வாய் ஊசி முனை அளவு. உள்ளே போனதும் பிட் சட்டென்று வழுக்கி விழுந்தது. எதிர்ப்பே இல்லை, வெறும் காற்று. பிட்டை எடுத்துவிட்டு வாயை அகலப்படுத்தி டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே மிளகு அளவுக்கு ஒரு உருண்டைக் குழி, சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று. குடத்தின் கழுத்து மட்டும்தான் வெளியே தெரிந்திருக்கிறது, வயிறு முழுக்க உள்ளே. நான் வைத்த பட்டி அந்தக் கழுத்தில் மூடி மாதிரி உட்கார்ந்திருந்தது. உள்ளே இருந்த காற்று வெளியே வராமல் பட்டி எப்படி உள்ளே போகும்? தாள் பட்டதும் மூடி கழன்றுவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

அதற்கப்புறம் 31ஐயும் திறந்தேன். சின்னதாக இருந்ததைப் பெரிதாக்குவதற்கு முதலில் மனசு வராது. வாய் வயிற்றின் அகலத்துக்கு வரும்வரை திருகி, உள்சுவரையும் பிட்டால் கீறிவிட்டு, தூசியை ஊதி எடுத்தேன். பட்டியைப் பல்குச்சி நுனியில் எடுத்து அடியிலிருந்து மேலாக வைத்தேன். மேலே வைத்து உள்ளே அழுத்துவது அல்ல, அடியில் வைத்து மேலே வருவது. அப்படிச் செய்தால் காற்று வெளியேற வழி இருக்கும். பரப்புக்கு மேல் ஒரு துளி புடைத்து நிற்கும்படி விட்டேன்.

சூப்பர் க்ளூவும் சோடா உப்பும் போட்டு நொடியில் அடைக்கிற வித்தை பலருக்குத் தெரியும். கண் முன்னால் கல்லாகிவிடும், பார்க்க நன்றாக இருக்கும். சங்கடமும் அந்தக் கல்தான். சுற்றியிருக்கும் ரெசினைவிட அது கெட்டி, தேய்க்கும்போது ரெசின் இறங்கும், அது மட்டும் பரு மாதிரி நிற்கும். ஒடிந்த ஓரத்தைத் தாங்க அதைப் பயன்படுத்துவேன். அலகு மாதிரி வழவழப்பான இடத்தில் வேண்டாம்.

நான் வைத்தது கார் வேலைக்கு வரும் இரண்டு பாகப் பாலியெஸ்டர் பட்டி. 100 கிராமுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் 2 கிராம் கணக்கு. கை நிறையக் குழைக்காதீர்கள், நாலைந்து நிமிடத்தில் இறுக ஆரம்பித்துவிடும். என் இரண்டாவது உருண்டை, வலது புருவத்தைத் தொடுவதற்குள் தகட்டிலேயே ரப்பராகிவிட்டது. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிவிட்டிருந்தேன். அவசரத்தில் கைவிட்டால் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பது சும்மா இல்லை. கூடுதல் ஹார்டனர் பின்னால் பெயின்ட் மேல் கறையாகக் கசியவும் செய்யும். குழைக்கும்போது கலக்கிச் சுழற்றக் கூடாது, சுழற்றினால் புதுக் காற்று ஏறும். தகட்டால் மடித்து அழுத்தி, மடித்து அழுத்தி, ஹார்டனரின் சிவப்புக் கோடு எதுவும் தெரியாமல் ஒரே நிறத்துக்கு வரும்வரை.

இறுகிய பட்டியைக் காய்ந்த தாளால்தான் தேய்க்க வேண்டும். இது வாட்டர் பேப்பர் மோகத்தில் நான் மறந்துபோகிற விஷயம். பட்டிக்குள் டால்க் நிறைய இருக்கிறது, அது தண்ணீரைக் குடிக்கும். குடித்த ஈரம் பிரைமருக்கு அடியில் மாட்டிக்கொண்டு பிற்பாடு கொப்புளமாக எழும். பட்டி தெரியும் இடம் முழுக்கப் பிரைமர் மூடிய பிறகுதான் தண்ணீர்.

பி120, பி220, பி320 வரை வந்தாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினேன், படி எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற அண்ணன் ஒருவரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். டார்ச்சைப் பரப்போடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்துப் பார்த்தார்.

"நல்லாதான் தேய்ச்சிருக்கீங்க தம்பி. ஒரு கோட் பிரைமர் அடிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

"பிரைமர் அடிச்சா முடிஞ்சது இல்லையாண்ணே?"

"பிரைமர் அடிச்சாதான் தம்பி ஆரம்பம்."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அன்று மாலை புரிந்தது. வெளிர் ரெசின், பழுப்புப் பட்டி, பென்சில் வட்டம் என்று பல நிறமாக இருக்கும் பரப்பில் கண் ஏமாந்துபோகும். ஒரே சாம்பல் நிறம் ஏறியதும் ஏமாற்ற நிறம் இல்லை, நிழல் மட்டும்தான் மிச்சம். புதிதாக 16 ஓட்டைகள். முன்பு போட்டதோடு சேர்த்து 47. படி இருந்த இடத்தில் மெல்லிய தொட்டில் மாதிரி ஒரு பள்ளம். வலது கன்னத்தில், நான் பி120ஐ அழுத்தித் தேய்த்த இடத்தில், பூனை பிறாண்டிய மாதிரி நாலு கோடு.

அடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கேனைக் குலுக்கும்போது உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். 20–25 செ.மீ. தூரம். முகமூடிக்கு வெளியே ஆரம்பித்து, கடந்துபோய், வெளியே நிறுத்துவது. ரொம்ப விலகினால் துளி காற்றிலேயே காய்ந்து பரப்பில் மணலாக விழும், நெருங்கினால் வழியும். மெல்லிய கோட்டாக மூன்று, நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம். மழை ஈரம் இருக்கிற நாளில் அடிக்காதீர்கள். எத்தனை மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம் என்று கேனில் போட்டிருப்பதை மதியுங்கள். தேய்க்கும்போது தாளில் பிரைமர் மெழுகு மாதிரி உருண்டால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

பள்ளத்தைப் பிடிக்க அண்ணன் சொன்ன வழி கறுப்புத் தூவல். சாம்பல் காய்ந்ததும் தூரத்திலிருந்து கறுப்பு ஸ்பிரேயைப் புகை மாதிரி லேசாகத் தூவி, மரத்துண்டில் சுற்றிய பி400ஆல் தேய்த்தேன். மேடெல்லாம் சாம்பலாகிவிட்டது. அலகு முதுகில் மட்டும் ஒரு கறுப்பு நாக்கு, ஏழு செ.மீ. நீளம், அசையாமல் நின்றது. அந்தக் கறுப்பு போகும்வரை தேய்க்கலாம்தான். சுற்றியிருப்பதெல்லாம் இறங்கி மறுபடி ரெசின் தெரியும். மறுபடி பட்டி வைத்தேன், கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசாக.

இந்தச் சுற்றில்தான் பெரிய தப்பு செய்தேன். இடது மூக்குத் துளைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஆழமான குழி. இரண்டு பாகப் பட்டி குழைக்கச் சோம்பல்பட்டு, டியூபில் வரும் ஒரு பாகச் சிவப்புப் பட்டியை ஒரே தடவையில் அப்பினேன். அது கரைப்பான் ஆவியாகிக் காயும் ரகம். கீறலுக்கும் ஊசி முனைக்கும் சரி, ஆழத்துக்கு ஆகாது. மேல்தோல் அரை மணியில் காய்ந்து நம்மை நம்ப வைத்துவிடும், அடியில் பச்சையாகவே இருக்கும். மறுநாள் தேய்த்துப் பிரைமர் அடித்தேன், அருமையாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு வட்டம், கிண்ணம் மாதிரி அமுங்கி, ஓரம் லேசாகப் புடைத்து. நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. மொத்தத்தையும் தோண்டி எடுத்துவிட்டு ஒழுங்காகக் குழைத்து வைத்தேன். சோம்பலில் மிச்சம் பிடித்தது ஐந்து நிமிடம், செலவானது மூன்று நாள்.

இறகுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே தாள் போகாது. பச்சை நாரும், மடித்த தாளின் ஓரமும், டூத் பிரஷும்தான். ஆனால் அலகுக்கு அடிக்கிற கெட்டிப் பிரைமரை இறகுக்கும் அடித்தால் வரிகள் அடைபட்டு, மழையில் நனைந்த காக்கையாகிவிடும். இறகுக்குச் சாதாரணப் பிரைமர் மெல்லிசாக இரண்டு கோட் போதும். அலகுக்கு அடிக்கும்போது இறகை மூடுவதற்கு மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டினால் எல்லையில் வரம்பு மாதிரி கோடு நிற்கும். டேப்பின் ஓரத்தைப் பின்னால் மடித்து, உதடு மாதிரி தூக்கி விட்டால் ஸ்பிரே மெல்ல மங்கி முடியும்.

நாலாவது சாம்பல் கோட்டில் கறுப்புத் தூவல் எல்லா இடத்திலும் ஒன்றாகக் கரைந்தது. பி600ஐ நனைத்து, தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டு, கடைசித் தேய்ப்பு. அலகு முதுகின் கூரான மேட்டையும் கண் துளை விளிம்பையும் இரண்டே இழுப்பில் விட்டுவிட்டேன். கூரான இடத்தில்தான் பிரைமர் முதலில் அறுந்து ரெசின் எட்டிப் பார்க்கும். அப்படியும் நுனியில் ஒரு அரிசி அளவுக்கு அறுந்தது, அங்கே மட்டும் ஒரு பூச்சு.

கழுவி, துடைத்து, ஒரு கம்பியில் மாட்டி வைத்திருக்கிறேன். காலையில் கறுப்பு. 46 ஓட்டைகள் அடைந்தாயிற்று. இடது மூக்குத் துளைக்குள்ளே, டார்ச் அடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று இருக்கிறது. இன்று ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். பிட் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது.